எப்படிச் சொல்றே?

2023 ஆகஸ்ட் மாதம். பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டு மூலங்களின் தன்மை நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு வந்திருந்த தலைமையாசிரியை, கடைசி பெஞ்சில் இரண்டு பையன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. வழக்கமாகப் பார்வையிட வருகிறவர்கள் கரும்பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடக்குறிப்பேட்டைக் கேட்பார்கள். இவர் எதையும் கேட்கவில்லை.

எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 5 எக்ஸ் மைனஸ் 6 ஈக்குவல் டு பூச்சியம் என்று பலகையில் எழுதினேன். "பி ஸ்கொயர் மைனஸ் நாலு ஏசி பூச்சியத்தைவிடப் பெரிசா வந்தா, மூலங்கள் மெய், ஆனா சம...?" என்று இழுத்தேன். "...மில்லை!" என்று நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து முடித்தார்கள். எல்லோரும் நோட்டில் போட்டார்கள். எல்லோருக்கும் விடை சரி. மணி அடித்தது. வகுப்பு நன்றாகப் போனது என்றுதான் நினைத்தேன்.

மதிய இடைவேளையில் மேடம் கூப்பிட்டார். "டீச்சர், எனக்குப் பக்கத்துல இருந்த பையன் 25 மைனஸ் 24, ஒண்ணுன்னு போட்டிருந்தான். அது 49 தானே வரணும்?" என்றார்.

ஆமாம், 49தான். பி என்பது 5, அதன் ஸ்கொயர் 25. ஏ என்பது 1. சி, அதாவது கடைசி எண், மைனஸ் 6. மைனஸ் நாலையும் மைனஸ் ஆறையும் பெருக்கினால் பிளஸ் 24. இருபத்தைந்தோடு கூட்ட வேண்டும். அவன் கழித்திருக்கிறான். ஆனால் 49 பூச்சியத்தைவிடப் பெரிது, 1-உம் பெரிது. எந்த வழியில் போனாலும் "மெய், சமமில்லை" என்றே விடை வரும். நான் எடுத்த உதாரணம் அவன் தவறை மறைத்துவிட்டது. நாற்பத்திரண்டு நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். பத்தொன்பது நோட்டில் அதே 1.

"ஏன் கழிச்சேன்னு கேட்டேன். மைனஸ் இருக்கே மிஸ், கழிக்கணும்லன்னு சொன்னான்" என்றார் மேடம். அவர் அறிவியல் ஆசிரியராக இருந்து பதவி உயர்வில் வந்தவர். கணக்கில் என்னைத் திருத்த வந்தவர் போல ஒரு சொல்கூடப் பேசவில்லை. அப்புறம் நோட்டைத் திறந்து காட்டினார். அந்த 45 நிமிடத்தில் நான் 31 கேள்வி கேட்டிருக்கிறேன். அதில் 26 கேள்விக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கிறார்கள். தனியாக ஒரு பிள்ளை முழு வாக்கியம் பேசியது இரண்டே முறை.

"உங்க வகுப்புல சத்தம் இருக்கு, ஒழுங்கு இருக்கு, பிள்ளைங்க உங்க மேல பிரியமா இருக்காங்க. ஆனா இன்னைக்கு யோசிச்சது நீங்க மட்டும்தான்" என்றார். பதினாறு வருடம் கணக்கு நடத்தியவள் நான். அன்று சாயங்காலம் போளூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வாக்கியத்தையே நினைத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவர்கள் ஆறாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளைத் தமிழ்நாட்டில் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அன்று உள்ளே வந்தபோது அவர்கள் எட்டாம் வகுப்பு. நடுவில் ஏழாம் வகுப்பு என்று ஒன்று அவர்களுக்கு இல்லவே இல்லை. குறை எண்களைப் பெருக்குவதும் வகுப்பதும் ஏழாம் வகுப்பின் முதல் பாடம். எங்கள் ஊரில் பாதிக் குடும்பம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பம். கல்வித் தொலைக்காட்சி, கைப்பேசி வகுப்பு எல்லாம் சிலருக்கு எட்டியது, பலருக்கு எட்டவில்லை. இருபடிச் சமன்பாடு அவர்களுக்கு வரவில்லை என்று நான் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வராதது இருபடி இல்லை. மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்பதுதான்.

இது தெரியாமலே அவர்களை நான் தேர்ச்சி பெற வைத்திருப்பேன். அதற்கு வழி எனக்கு நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினா 14. கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், இன்னொன்று வரைபடம். 14-உம் 16-உம் முப்பது. இன்னும் ஐந்து கிடைத்தால் 35, தேர்ச்சி. பழைய பாடத்திட்டத்தில் இந்த வரைகிற வினாக்களுக்குப் பத்துப் பத்தாக இருபது மதிப்பெண், வேலை இன்னும் சுலபம். மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல் போடுவோம். அவர்களுக்குத் தனியாக ஒரு கையேடு. வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதை இருபது முறை வரைய வைப்போம். தொடுகோடு என்றால் என்ன என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் காம்பஸ் எங்கே ஊன்ற வேண்டும் என்று தெரியும். இப்படித்தான் நான் பல வருடம் நூறு விழுக்காடு காட்டினேன். சுதந்திர தினத்தில் மேடையில் நின்று சால்வையும் வாங்கியிருக்கிறேன்.

அப்படி 61 மதிப்பெண் வாங்கிய ஒரு பெண் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் சேர்ந்த முதல் குரூப் எடுத்தாள். தீபாவளிக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். வழியில் பார்த்தபோது, "அங்க எதுவுமே புரியல மிஸ். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி யாரும் எங்க வரும், எத்தனை மார்க்னு சொல்லல" என்றாள். அவள் என்னை வாழ்த்துவதாக நினைத்துச் சொன்ன வார்த்தை அது. இன்றைக்கும் அது என் நெஞ்சில் குத்திக்கொண்டேதான் இருக்கிறது.

மேடத்திடம் இதைச் சொன்னேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஆசிரியர் கூட்டத்தில், "செப்டம்பர், அக்டோபர் ரெண்டு மாசம் பத்தாம் வகுப்புக் கணக்குல வாரம் மூணு பீரியடு ஏழாம் வகுப்புப் பாடம் எடுக்கலாம். முழுக்கள், பின்னம், விகிதம். பொறுப்பு என்னோடது" என்றார்.

எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர் எழுந்தார். "மேடம், இது நம்ம பிள்ளைங்களுக்கு ஒத்து வராது. யோசிக்கிறதெல்லாம் அப்புறம். முதல்ல பாஸ் ஆகட்டும். பத்தாவது ஃபெயிலானா அடுத்த ஆவணியில பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிடுவாங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நானே இரண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். மேடமும் அதை மறுக்கவில்லை. ஜனவரியிலிருந்து அந்த மூத்த ஆசிரியரின் ஒரு மதிப்பெண் பயிற்சி வழக்கம்போல நடக்கட்டும் என்றார். "ஆனா சார், 'நம்ம பிள்ளைங்களுக்கு ஒத்து வராது'ன்னு நாம சொல்றப்ப, அவங்க மேல இரக்கப்பட்டுதான் சொல்றோம். அந்த இரக்கத்தாலயே அவங்க பதினோராம் வகுப்புல படிப்பை நிறுத்திடுறாங்க" என்றார்.

இந்த இடத்தில் நான் மேடத்தின் பக்கம். கல்வியில் கண்டிப்பு, தரம் என்றாலே நம் ஊரில் காலை ஏழு மணி சிறப்பு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு, நூறு முறை எழுதிக்கொண்டு வருவது என்றுதான் அர்த்தம் ஆகிவிட்டது. அது உழைப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்பில் பிள்ளையின் மூளைக்கு வேலை எவ்வளவு, கைக்கு வேலை எவ்வளவு என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலைமையாசிரியரின் முதல் வேலை அதுதான் என்று நான் நம்புகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அவர் அதை எப்படிச் செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் வகுப்புக்கு வருவதற்கு முன்னால் அவர் எங்களைத் தன் வகுப்புக்குக் கூப்பிட்டார். ஆறாம் வகுப்பு அறிவியலை அவரே எடுத்துக்கொண்டார். "யாருக்கு ஃப்ரீ பீரியடோ அவங்க வந்து கடைசில உட்காருங்க. நான் எங்க தப்பு பண்றேன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றார். முதல் வாரம் யாரும் போகவில்லை. இரண்டாவது வாரம் உடற்கல்வி ஆசிரியர் போனார். "மேடம், நீங்க ஜன்னல் பக்கம் இருக்கிற பிள்ளைங்களையே கேக்குறீங்க" என்று சொன்னார். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் எங்கள் எல்லோர் முன்னாலும் அவருக்கு நன்றி சொன்னார். அதற்கப்புறம்தான் எங்கள் வகுப்புக் கதவு திறந்தது.

தினமும் ஒரு பாடவேளை, ஏதாவது ஒரு வகுப்பின் கடைசி பெஞ்ச். ஒரு நாளும் தவறியதில்லை. ஆசிரியரைப் பார்ப்பதைவிடப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைத்தான் அதிகம் பார்ப்பார். வெளியே வந்ததும் ஒரே ஒரு விஷயம் சொல்வார். இரண்டாவது விஷயம் இருந்தாலும் அன்றைக்குச் சொல்ல மாட்டார்.

வகுப்பு நடக்கும்போது "ஆபீஸ்ல கூப்பிடுறாங்க" என்று ஒரு பிள்ளை வந்து நிற்பது எங்கள் பள்ளியில் ஒரு நாளைக்குப் பத்து முறை நடக்கும். ஆதார் எண் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் இன்னொரு பதிவு, உதவித்தொகைப் பட்டியல். அதை ஒரே வாரத்தில் நிறுத்தினார். அலுவலக வாசலில் ஒரு நோட்டு தொங்கும். யாரிடம் என்ன விவரம் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். நாங்கள் ஓய்வு வேளையில் போய் நிரப்ப வேண்டும். அவசரமானதை அவரே கணினி முன் உட்கார்ந்து ஆறு மணி வரைக்கும் பதிவு செய்வார். ஒரு பாடவேளையில் நடுவே ஐந்து நிமிடம் போனால் யோசனை அறுந்துபோகும், திரும்பவும் ஒட்டாது என்பார். இதையெல்லாம் யாரும் தலைமைப் பண்பு என்று பயிற்சி முகாமில் சொல்வதில்லை. எனக்கு அவர் செய்ததிலேயே பெரிய உதவி இதுதான்.

பாடக்குறிப்பிலும் ஒரு மாற்றம். பழைய குறிப்பைப் பார்த்து நான்கு பக்கம் எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: இன்று பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்குவார்கள்? அந்த ஒரு வரிக்கு எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. எழுத முடியாத நாளில், அந்தப் பாடத்தை நானே சரியாக யோசித்துப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

அப்புறம் அந்தக் கேள்வி. "எப்படிச் சொல்றே?" பிள்ளை தவறாகச் சொன்னாலும் இதைக் கேட்க வேண்டும், சரியாகச் சொன்னாலும் கேட்க வேண்டும். தவறுக்கு மட்டும் கேட்டால் அது அதட்டல் ஆகிவிடும். கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். முதல் வாரம் அந்த ஐந்து எனக்கு ஐம்பது மாதிரி இருந்தது. வகுப்பு அமைதியாக இருந்தால் நான் எதையோ விட்டுவிட்டேன் என்று பதற்றம் வரும், வாய் தானாகப் பதிலைச் சொல்லிவிடும். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே இதை அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பொதுவாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். மூன்று விநாடி காத்தாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பதில் சொல்லாமல் விடுவது குறைகிறது என்று கண்டார். ஒலிநாடாவில் பதிவு செய்து அவர் கண்டதை மேடம் தன் நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு கண்டிருக்கிறார்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. கணக்கில் 42 பேரில் 23 பேர்தான் தேர்ச்சி. முந்தைய வருடம் அரையாண்டில் கிட்டத்தட்ட எல்லோரும் தேறியிருந்தார்கள். எனக்குத் தூக்கம் போனது. மாவட்ட அளவில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. விழுக்காடு குறைந்த பள்ளித் தலைமையாசிரியர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்பார்கள். அங்கே என்ன நடந்தது என்று மேடம் எங்களிடம் சொல்லவே இல்லை. அன்று இரவு வேறு பள்ளியில் வேலை செய்யும் என் தோழி போனில் சொன்னாள். "உங்க மேடம் ரொம்ப நேரம் நின்னுட்டே இருந்தாங்கடி. கணக்கு டீச்சருக்கு விளக்கம் கேட்டு மெமோ குடுங்கன்னு சொன்னாங்க. அவங்க, 'ரெண்டு மாசம் ஏழாம் வகுப்புப் பாடம் எடுக்கச் சொன்னது நான். விளக்கம் நான் தர்றேன்'னு எழுதிக் குடுத்துட்டாங்க."

மறுநாள் அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் பாடவேளைக்கு வழக்கம்போல நோட்டோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. அன்று அளவியல் நடத்தினேன். அந்த வகுப்பைத்தான் நான் இதுவரை எடுத்ததிலேயே நல்ல வகுப்பு என்பேன்.

வீட்டிலிருந்து இரண்டு எவர்சில்வர் டப்பா கொண்டுபோயிருந்தேன். ஒன்று ஒல்லி: ஆரம் 3 சென்டிமீட்டர், உயரம் 12. இன்னொன்று குட்டை: ஆரம் 4, உயரம் 8. அளவு எதையும் சொல்லவில்லை. "எதுல அரிசி அதிகம் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டேன். முப்பது கைகளுக்கு மேல் உயரமான டப்பாவுக்கு. "எப்படிச் சொல்றே?" "உசரமா இருக்கு மிஸ்." வேறு சிலர் குட்டைக்கு. "எப்படிச் சொல்றே?" "அகலமா இருக்கு." ஐந்து எண்ணினேன். ஜன்னலோரப் பையன், "உசரம் 4 கூட, அகலம் 2 தான் கூட இருக்கும் போல. அப்போ உசரம்தான் ஜெயிக்கும்" என்றான். கண்ணாலேயே அவ்வளவு சரியாக அளந்திருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கேலைக் கொடுத்தேன். பை ஆர் ஸ்கொயர் ஹெச் என்ற சூத்திரம் எல்லோருக்கும் தெரியும், பாடம் நடத்தி இரண்டு நாள் ஆகிறது. போட்டார்கள். பையை விட்டுவிட்டால் ஒல்லிக்கு 108, குட்டைக்கு 128.

நம்பவில்லை. ஒல்லி டப்பா நிறைய அரிசியைக் குட்டையில் கொட்டினோம். மேலே ஒரு விரல் அகலத்துக்கு இடம் மீதி நின்றது. சத்தம் அடங்க நேரம் ஆனது. அப்போது, ஆகஸ்டில் 25-இலிருந்து 24-ஐக் கழித்த அதே பையன், கடைசி பெஞ்சில் மேடத்துக்குப் பக்கத்தில் இருந்தவன், எழுந்தான். "மிஸ், அகலம் ரெண்டு தடவை வேலை செய்யுது. உசரம் ஒரு தடவைதான் வேலை செய்யுது."

ஆர் ஸ்கொயர் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. இத்தனை வருடம் அந்தச் சூத்திரத்தைப் பலகையில் எழுதிப் பெட்டி போட்டிருக்கிறேன். அதில் ஆரம் இரண்டு முறை வேலை செய்கிறது என்று எனக்கே அப்படித் தோன்றியதில்லை. உடனே முன் பெஞ்சில் ஒரு பெண், "அப்போ ஒல்லி டப்பாவை எவ்ளோ உசரமாக்கினா ரெண்டும் சமமாகும் மிஸ்?" என்றாள். நான் கேட்காத கேள்வி. அவளே போட்டாள்: 128-ஐ 9-ஆல் வகுத்தால் 14-க்குக் கொஞ்சம் மேலே. வகுத்தல் வந்தது. செப்டம்பரில் அவளுக்கு அது வராது.

2024 மே 10 அன்று முடிவுகள் வந்தன. 42 பேரில் 40 பேர் தேர்ச்சி. நூறு இல்லை. தேறாத இருவரில் ஒருவனுக்குக் கணக்கு, இன்னொருவனுக்கு அறிவியல். முடிவு வந்த அன்று மாலையே மேடமும் நானும் இரண்டு வீட்டுக்கும் போனோம். அறிவியலில் போனவன் துணைத் தேர்வு எழுதித் தேறி ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். கணக்கில் போனவன் நாங்கள் போவதற்குள் மாமாவோடு பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். மூன்று முறை போனில் பேசினேன். வரவில்லை. பழைய வழியிலேயே போயிருந்தால் அவன் தேறியிருப்பானோ என்ற கேள்வி எனக்கு உண்டு. அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவனை மறக்கவும் இல்லை. மேல்நிலையில் அறிவியல் குரூப் எடுத்த ஒன்பது பேரில் ஒருவரும் பாதியில் நிற்கவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்போது மேடம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். பணியிடம் நிரம்பும் வரை தலைமையாசிரியர் பொறுப்பு என்னிடம். வந்த முதல் வாரம் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவரின் வகுப்பில் உட்கார்ந்தேன். வெளியே வந்து ஐந்து விஷயம் சொன்னேன். ஐந்தும் சரியானவைதான். ஆனால் அவர் முகம் சுருங்கிவிட்டது. அன்று மதியம் அவர் யாரோடும் சாப்பிட வரவில்லை. மேடம் ஏன் இரண்டாவது விஷயத்தை விழுங்கிக்கொள்வார் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

மறுநாள் அவரிடம் போய், "அம்மா, நாளைக்கு நான் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். வந்து பின்னாடி உட்காருங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றேன். வந்தார். பாடவேளை முடிந்ததும் தயங்கித் தயங்கி நோட்டை நீட்டினார். ஒரே வரி எழுதியிருந்தார்: நாலாவது பெஞ்சில் சுவர் ஓரம் இருக்கும் பெண் இரண்டு தடவை கை தூக்கினாள், நீங்கள் பார்க்கவில்லை.

அடுத்த நாள் முதல் கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எழுந்து நின்று விடையைச் சொன்னாள். சரியான விடை. "எப்படிச் சொல்றே?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். நான்கு வரை போனேன். அவள் பேசத் தொடங்கினாள்.